நடுவில் நாலு பேர்

மார்ச் 4, செவ்வாய்

மணி பதினொன்று. பத்துக்கு வருவதாகச் சொன்ன ரனெல் இன்னும் வரவில்லை. பத்து வருடமாகச் செவ்வாய்க்கிழமை என்றால் என் சமையலறையில் உட்கார்ந்து இருவரும் பாட்டு எழுதுவோம். பத்து வருடமாக இவளுக்காகக் காபியை மறுபடி மறுபடி சூடாக்குகிறேன். கிதார் கழுத்தில் மாட்டும் என் கிளிப்பை வேறு போன மாதம் எடுத்துப்போனாள். கேட்டால், "எங்கயோ பத்திரமா இருக்குடி."

மார்ச் 6, வியாழன்

ஹோயல் பேசினார். நாஷ்வில்லுக்கு வடக்கே, ஒரு மணி நேரத் தொலைவில், கண்ட்ரி பாட்டுகள் மட்டும் போடும் ரேடியோ அவருடையது. அங்கே எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பது அவர் கையில்.

"பாட்டு பிரமாதம் நோரீன். ஆனா இந்த வாரம் ஒரு பொம்பளைக் குரல் சேத்தாச்சே. ரெண்டு பொம்பளைங்க அடுத்தடுத்து பாடினா ஜனங்க வேற ஸ்டேஷனுக்குத் திருப்பிடுவாங்கம்மா."

பதினோரு ஆண்கள் வரிசையாக லாரியையும் பியரையும் பாடினால் மட்டும் யாரும் திருப்ப மாட்டார்கள்! அந்த ஒருத்தி யார் என்று கேட்டேன். ரனெல்.

மாதக் கடைசிக்குள் ஒரு ரேடியோவாவது என் பாட்டை எடுக்காவிட்டால் ரெக்கார்டு கம்பெனி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. நாற்பத்தாறு வயதில் வேறு யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

அவள் மேல் பொறாமையா? ஆமாம். எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 11, செவ்வாய்

வந்தாள். ஐம்பது நிமிடம் தாமதம்.

"வெள்ளிக்கிழமை ஹோயல் லைவ்ல பாடக் கூப்பிட்டிருக்கான். நீ துணைக்குரல் பாட வாடி."

"உனக்குப் பின்னாடி நின்னு ஊ ஊன்னு ஊளையிடணுமா நான்?"

"ஆமா. உன் கிதாரையும் எடுத்துட்டு வா. என்னோடதுல கம்பி அறுந்துபோச்சு."

திமிரைப் பார். இவளிடம் போய், வருகிறேன் என்று ஏன் சொன்னேன்?

மார்ச் 14, வெள்ளி

ஹோயலின் ஸ்டுடியோவில் லைவ்.

அவள் பாட்டு முடிந்தது. விளம்பரத்துக்குப் போக ஹோயல் கையைத் தூக்குவதற்குள் மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டாள். "அடுத்தது நோரீன், அவ பாட்டு. யாரும் திருப்பாதீங்க. திருப்பினா எங்களுக்குத் தெரிஞ்சிடும்." என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை! பாடினேன். வேறு என்ன செய்வது? ரனெல் என் பின்னால் நின்று ஊ ஊ என்றாள்.

முடிந்ததும் ஹோயல் முகம் சிவந்துபோய், "ரெண்டு பேர் பாட்டும் கிடையாது, கிளம்புங்க" என்றார்.

காரில் கத்தினேன். யாருடி கேட்டா உன்னை? கிடைச்ச ஒரே இடத்தையும் போட்டு உடைச்சிட்டியே, மூளை இருக்கா? அவள் சோள ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "மூணாவது வரியில உனக்குச் சுருதி ஏறிடுச்சு" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி ஹோயல். எரிச்சல் குரலிலேயே தெரிந்தது. அந்த இரண்டு பாட்டையும் கேட்டு ஜனங்கள் விடாமல் போன் செய்கிறார்களாம்.

"ஒரு பாட்டு போடறேன். யாரோடதுன்னு சொல்லு. அவ போனையே எடுக்க மாட்டேங்கறா."

என்றைக்கு எடுத்திருக்கிறாள்?

என்னுடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய்வரை வந்தது.

"ரெண்டும் போடுங்க. இல்லன்னா ரெண்டும் வேண்டாம்."

வைத்துவிட்டார். எனக்கென்ன பைத்தியமா? மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள்.

மார்ச் 25, செவ்வாய்

பத்தே முக்கால். ரனெலின் கார் வாசலில் வந்து நின்று இருபது நிமிடம் ஆகிறது. இறங்குகிற வழியைக் காணோம். காபி மூன்றாம் முறை ஆறிவிட்டது. திட்டியே தீர்வதென்று செருப்புகூடப் போடாமல் போனேன். கண்ணாடியை இறக்கி, உதட்டில் விரல் வைத்தாள்.

ஹோயலின் ரேடியோவில் நான்.

பாட்டு முடிந்ததும் ரேடியோவை அணைத்தாள். பிறகு, "உன் வாசலுக்கு வரும்போது என் பாட்டு ஆரம்பிச்சுது. நடுவுல நாலு ஆம்பளைங்க. உனக்காக நாலு பேரையும் பொறுத்துக்கிட்டேன்டி" என்றாள்.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடையில் ஏதோ குத்தியது.

என் கிளிப்.