சத்தமாக வாசித்ததற்கு ஒரு மெமோ

அனுப்புநர்:
இரும்புப் பட்டறையில் உலை பார்ப்பவளின் அம்மா,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொழில்நுட்ப நூலகம்.

பொருள்: நூலகருக்கு வழங்கிய மெமோவை ரத்து செய்யக் கோருவதும், அவருக்கு நன்றி சொல்வதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு வாசிப்பறையில் இருந்தவர்கள்: நூலகர், தரை துடைக்கும் அம்மா, ஜன்னலோரம் பத்திரிகை படித்த கோட்டுக்காரர், காதில் பென்சில் செருகிய கல்லூரிப் பெண், நான். வேறு யாராவது இருந்ததாக மெமோவில் எழுதியிருந்தால் அது பொய்.

2. அன்று என் மகள் பாரம் தூக்கும் கொக்கிகளின் தண்டுகளைக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்திருந்தாள். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். சாயங்காலத்துக்குள் மறுபடி சூடேற்றியாக வேண்டும். எத்தனை டிகிரி என்பதில்தான் வம்பு. முதலாளி இருநூற்றைந்து என்றார். இணையத்தில் ஒரே உருக்குக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. போன தடவை குத்துமதிப்பாகச் செய்த தண்டு முறிந்து, ஓர் ஆளின் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பாரம் விழுந்தது. உலையை விட்டு அவள் நகர முடியாது. "நீதான் எதையும் மறக்க மாட்டியேம்மா, போய்ட்டு வா" என்று உருக்கின் எண்ணையும் தண்டின் பருமனையும் சொல்லி அனுப்பினாள்.

3. கைப்பேசியை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். நகல் மெஷின் பழுது. எண்களை ஊழியர்கள் கைப்பட எழுதித் தரக் கூடாது என்பது தங்கள் விதி. நானே எழுதலாம் என்றால் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள். நூலகர் மூன்று தடித்த புத்தகங்களைப் புரட்டி, அதே உருக்கு, அதே பருமன், எண்ணெயில் குளிர்வித்தது என மூன்றும் பொருந்திய அட்டவணையைக் கண்டுபிடித்தார். "நான் வாசிக்கறேன் பாட்டிம்மா, நீங்க மனசுல போட்டுக்கோங்க" என்றார். எனக்குக் காது மந்தம், சத்தம் அதனால்தான். மூன்று முறை வாசித்தார். நான் திருப்பிச் சொல்கையில் ஓர் எண்ணில் தடுமாறினேன். தண்ணீர் கொடுத்து நாலாம் முறையும் வாசித்தார். முகம் சுளிக்கவில்லை.

4. இப்போதும் சொல்வேன். இருநூற்றைந்து டிகிரியில் கடினம் ஐந்நூற்றுப் பத்து, நீட்சி, அதாவது முறிவதற்கு முன் இழுபடுவது, எட்டு சதவீதம்தான். ஐந்நூற்று நாற்பதில் கடினம் இருநூற்று எண்பத்தைந்து, நீட்சி பதினெட்டு. மகள் ஐந்நூற்று நாற்பதில் வைத்தாள். சோதனையில் தண்டு வளைந்தது, முறியவில்லை. அந்தக் கொக்கிகளை நம்பி இன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

5. நான் மூன்றாம் வகுப்பு. புத்தகம் இருக்கும் இடத்தில் ஒருவர் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தது அன்றுதான். பேத்தி பிறந்த அன்று என்னை முறைத்த நர்ஸை இருபத்திரண்டு வருடமாக மறக்காதவள், இவரையும் மறக்க மாட்டேன். அவருக்கு வந்ததோ மெமோ. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது; மெமோ நிலுவையில் இருந்தால் நீட்டிக்க மாட்டார்களாம்.

6. புகார் கொடுத்த கோட்டுக்காரரை நூலக வாசலில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "தெரியாமப் பண்ணிட்டேன்மா" என்று அங்கேயே வாபஸ் எழுதிக் கொடுத்தார், இணைத்துள்ளேன். அவரை மன்னித்தேன். முதலாளி, பட்டறைச் சுவரில் எழுதியிருந்த இருநூற்றைந்தைத் தன் கையாலேயே அழித்தார். அவரையும் மன்னித்தேன்.

7. ஆகவே மெமோவை ரத்து செய்து, அந்தப் புண்ணியவானின் வேலையை நீட்டித்து, நகல் மெஷினையும் பழுது பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நான் மன்னிக்காதவர் ஒருவர்தான். அறையில் இருந்த ஐந்து பேரில் ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்காமல் மெமோவில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டவர்: இயக்குநர் அவர்கள்.

நாள்: மூன்றாம் தேதி, திங்கட்கிழமை
இடம்: நூலக வாசல் பெஞ்சு

இப்படிக்கு,
உலை பார்ப்பவளின் அம்மா
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)