புளிப்பு சரியா இருக்கா?

இப்போதாவது கொஞ்சம் உட்கார்ந்திருப்பாய் என்று நான் நம்புகிற என் அம்மாவுக்கு,

வைதேகி எழுதுகிறேன். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாளே, வெட்கமில்லையா என்று சித்தி கேட்பாள். கேட்கட்டும். உன்னைப்போல எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பூட்டி வைக்க எனக்குத் தெம்பு இல்லை. அலுத்துப்போய்விட்டேன் அம்மா.

விடிவதற்குள் குளித்து, அடுப்பு மூட்டித் தளிகை சமைத்து, பெருமாளுக்கு முன்னால் வைத்துக் கண்டருளப் பண்ணி, அப்பாவுக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு, பொன்மலை ஸ்கூலுக்கு பஸ் பிடிக்க ஓடுகிறேன். சாயங்காலம் திரும்பும்போது காவேரிப் பாலம் வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். ஒருநாள் கண்டக்டர்தான் எழுப்பினார். "டீச்சரம்மா, ஸ்ரீரங்கம் வந்துடுச்சு, இறங்குங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையில் மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருக்கும்.

அதுதான் சங்கதி. அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார். வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை. டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தேன். அவர் நாடி பிடித்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "உடம்புல வியாதி ஒண்ணும் இல்லைம்மா. எப்படியாவது சாப்பிட வைங்க. இப்படியே விட்டா இந்த மழைக்காலத்தைத் தாங்க மாட்டார்" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எப்படி என்று யார் சொல்லுவது?

என்ன வேண்டும் அப்பா என்று கெஞ்சினேன். கடைசியில் வாய் திறந்தார். "உங்கம்மா பண்ணுவாளே, எலுமிச்சம்பழ சாதம்."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். என் அசட்டுத்தனம். காந்தி மார்க்கெட்டில் இறங்கி, மெல்லிய தோலாகத் தேடித் தேடி வாங்கினேன். "எடுத்துக்கங்கம்மா, எல்லாம் நாட்டுப் பழம், புழிஞ்சா கொட்டும்" என்று பழக்காரர் கூடையைத் தள்ளினார். ரேஷன் அரிசிக்கு ஒரு முடைநாற்றம் உண்டே, அது போகக் கழுவிக் கழுவி வடித்தேன். தாம்பாளத்தில் ஆறப் போட்டு நல்லெண்ணெய் விட்டேன். கடுகு, கடலைப்பருப்பு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் தாளித்துக் கொட்டி, கசந்துபோகாமல் இருக்க அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் பழத்தைப் பிழிந்தேன். சாறு சூட்டில் பட்டதும் கமகமவென்று வாசல்வரை போயிற்று. எனக்கே நாக்கில் ஜலம் ஊறியது.

அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டார். இலையைத் தள்ளிவிட்டார்.

"உங்கம்மா பண்றாப்போல இல்லைடி."

அடுத்த வாரம் பழத்தைக் கூட்டினேன். அதற்கடுத்த வாரம் குறைத்தேன். இஞ்சியை நிறுத்தினேன், வேர்க்கடலை போட்டேன். பெருமாளுக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம் இல்லையா? அதையும் மீறி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பெருமாள் பொறுத்துக்கொள்ளட்டும், அவர் வயிறு வாடவில்லை. எனக்கு அது உன் கை சாதம் மாதிரியேதான் இருந்தது. அப்பாவுக்கு மட்டும் இல்லை. எத்தனை தடவைதான் செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிழிந்த தோல்களை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைத் தரையில் படுத்துக்கொண்டேன்.

லீவுக்கு மன்னார்குடியிலிருந்து உன் தங்கை வந்தாள். நான் புலம்பினேன். "அம்மாவும் என்னை மாதிரி யாருக்கும் தெரியாம ருசி பார்த்திருப்பாளோ சித்தி? இல்லேன்னா எப்படி ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சரியா வரும்?"

சித்தி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவ எங்கேடி ருசி பார்த்தா? கயாவுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து எலுமிச்சம்பழத்தை நாக்குல வெச்சதே இல்லையே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. இனிமே என்ன, அவளே போயிட்டா."

உங்கள் நாலு பேரின் காசி யாத்திரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். கயாவில் பெற்றவர்களுக்குப் பிண்டம் போட்டபிறகு, ஒரு காயும் ஒரு பழமும் ஆயுசுக்கும் விட வேண்டும், மிகவும் பிடித்ததைத்தான் விட வேண்டும் என்று வாத்தியார் சொன்னாராம். சித்தப்பா சுரைக்காயை விட்டார். நம் வீடுகளில் அதைச் சேர்ப்பதே கிடையாது! அப்பா சீதாப்பழத்தை விட்டார். கொட்டை துப்ப அலுப்பு என்று அவர் அதைத் தொட்டதே இல்லை. ஊருக்கு வந்து ரெண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் எனக்கு ஞாபகம்.

நீ அன்றைக்கு ஆற்றங்கரையில் சித்தியிடம் சொன்னாயாமே. "அவர் வாய்க்குப் பிடிச்சதை விட்டாத்தானே போட்ட பிண்டம் அவர் அப்பா அம்மாவுக்குப் போய்ச் சேரும்? அவருக்கு எலுமிச்சம்பழ சாதம் இல்லாம முடியாது. அவருக்காக நான் விட்டுடறேன்." சின்னப் பெண்ணாக இருக்கும்போது நீ உப்பைத் தொட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தை அப்படியே கடித்துத் தின்பவளாம். சித்தி அதையும் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது அம்மா. சித்தியிடம் இல்லை, உன்னிடம். வாராவாரம் அதைப் பிழிந்து, பிசைந்து, எங்களுக்குப் போட்டாயே. எப்படி முடிந்தது? நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து நீ என்ன சாப்பிட்டாய்? ரசம் சாதமா? வெறும் மோரா? இத்தனை வருஷத்தில் உன் இலையை நாங்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. பரிமாறிவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு, "புளிப்பு சரியா இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். அப்பா தலை நிமிராமல் "உம்" என்பார். நான் ஒருபடி மேலே போய், "நன்னாருக்குன்னு யாராவது சொல்லலேன்னா உனக்குத் தூக்கம் வராதே" என்று கேலி செய்வேன். நீ பாராட்டுக்கு அலைகிறாய் என்று நினைத்தோம். உனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய்.

சித்தி ஊருக்குப் போன மறுநாள் இன்னொரு தடவை செய்தேன். அப்பா இன்னொரு தடவை இலையைத் தள்ளினார். "உங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வராதுடி" என்றார். நாள் முழுக்கக் கத்திய தொண்டையோடு நின்றுகொண்டிருந்தேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

"அம்மா இதை வாயிலயே வெச்சதில்லை, தெரியுமா உங்களுக்கு? நீங்க சீதாப்பழத்தை விட்டுட்டு வந்து சிரிச்சேளே, அம்மா உங்களுக்காக இதை விட்டுட்டு வந்தா!"

எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஊஞ்சலில் போய்ச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் பால்கூட வேண்டாம் என்றார். மனுஷரை நானே கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஸ்கூலில் பாடம் நடத்த முடியாமல் பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே அடுக்களை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்கு எலுமிச்சம்பழ சாதம் பண்ணு. எனக்குத் தயிர்சாதம் போதும்" என்றார். யாருக்குப்பா அப்போது எலுமிச்சம்பழ சாதம் என்று கேட்டேன். ஊஞ்சலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

செய்தேன். அவருக்கு இலை போட்டேன். அவர் உட்காரவில்லை. "உனக்கு எங்கே?" என்றார். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். "அப்புறமெல்லாம் வேண்டாம். எதிர்ல போட்டுக்கோ. நான் பார்க்கணும்."

என் வயசுக்கு, அப்பாவுக்கு எதிரே இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எலுமிச்சம்பழ சாதத்தை என் இலையில் போட்டுக்கொண்டேன். அவர் தயிர்சாதத்தில் கையை வைத்தபடி, சாப்பிடாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"புளிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு துளி குறைச்சல்ப்பா" என்றேன். பக்கத்திலிருந்த அரைமூடிப் பழத்தை இடது கையால் எடுத்து என் இலையில் பிழிந்தார். கொட்டையெல்லாம் சாதத்தில் விழுந்தது. "இப்போ?" என்றார். இப்போது சரியாக இருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் அவர் சாப்பிட ஆரம்பித்தார். மாவடுவைக் கடித்துக்கொண்டு, போட்டதை முடித்து, மறுபடியும் கொஞ்சம் போடு என்று வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் சொன்னார், எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டாராம். கயா இல்லை, வாத்தியார் இல்லை, ஊஞ்சலில் படுத்தபடியே விட்டுவிட்டாராம். பிடித்ததைத்தான் விட வேண்டும் என்று உனக்காகவா அம்மா விட்டார்? எனக்குக் கேட்க மனசு வரவில்லை.

இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் பஸ்ஸில் தூங்குவேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி யாரும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். என்னை எவராவது கயாவுக்கு அழைத்துப் போனாலும் நான் எந்தப் பழத்தையும் விட மாட்டேன், நீ விட்டதே ரெண்டு தலைமுறைக்குப் போதும்.

நீ கேட்டதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. சரியா இருந்ததும்மா. ஒவ்வொரு தடவையும் சரியா இருந்தது.

உன் இலையை எட்டிப் பார்க்காத உன் பெண்,
வைதேகி