பன்னிரண்டரைச் சோடி

இன்று காலை மழையில் நனைந்த நாயொன்றோடு ஒரு பெண் லிப்டில் ஏறினாள். அந்த ஈரமயிரின் மணம் மூக்கில் பட்டது. ஏழாம் மாடிக்குப் போக வேண்டியவன் மூன்றாம் மாடியில் இறங்கிப் படியேறினேன். நீ இருந்தால் நக்கலடித்திருப்பாய். நீ செத்துப்போய் இன்றைக்கு நாற்பது நாள்.

தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில், நகரத்தின் பார்க்டேல் பகுதியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நகரத்துக்கு வடக்கே, பீகிள் என்ற வேட்டைநாய்களோடு நடந்தே முயல் வேட்டைக்குப் போகும் பழைய கிளப் ஒன்றில் நீ வேலை எடுத்தாய். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். தெருநாயைக் கண்டாலே மற்றப் பக்கம் நடக்கிறவன் நான், அங்கே நாய்க்கூடு கழுவிக் கஞ்சி காய்ச்சினேன்.

அங்கே நாய்களைச் சோடியாகத்தான் எண்ணுவார்கள். இருபத்தைந்து என்று சொன்னால் பொறுப்பாளரான கிழவருக்கு முகம் சுருங்கிவிடும். பன்னிரண்டரைச் சோடி என்று சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனும் அயல் பண்ணைக்காரர் இருவரும் தொடங்கிய கூட்டம் அது. உலகப்போர் நாட்களில் தீனி போட வழியில்லாமல் நாய்களை வீடுவீடாகக் கொடுத்துவிட்டார்களாம். போர் முடிந்து தேடிப்போனபோது மூன்றரைச் சோடிதான் மிஞ்சியிருந்தது. நாங்கள் வளர்த்ததெல்லாம் அவற்றின் வம்சம். அதைக் கேட்ட அன்று நீ கஞ்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "உதுகளும் எங்களை மாதிரித்தான்ரா, சண்டை கலைச்சு மிஞ்சினதுகள்" என்றாய்.

முதல் பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை அது. வேட்டை முடிந்து, பின்தங்கிய நாய்களைச் சாய்த்து வர நீ காட்டோரம் போயிருந்தாய். நாய்களை ஏற்றும் வானின் கதவடியில் நின்று எண்ணுவது என் வேலை. எனக்கு அடுத்த கிழமை அகதி விசாரணை. நான் நல்ல வேலைக்காரன் என்று கிழவர் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். மனம் முழுக்க அந்தக் கடிதத்தில்தான். பன்னிரண்டு சோடி ஏறியதும் கதவைச் சாத்தினேன். அரையை மறந்துபோனேன்.

தீனி வைக்கும்போதுதான் தெரிந்தது, அந்த வருடம் புதிதாகப் பழக்கிய பெட்டை நாயைக் காணவில்லை. காட்டுக்கு அப்பால் நெடுஞ்சாலை. யார் எண்ணியது என்று கிழவர் கேட்டார். நான் கஞ்சி வாளியை எடுக்கக் குனிந்தேன். நீ முன்னால் வந்து, நான்தான் என்றாய். அவர் அப்பால் போனதும் என் காதருகே சொன்னாய்: "எனக்குக் கேஸ் முடிஞ்சுது. உனக்குத்தான் கடிதம் வேணும். வாயைத் திறக்காதை."

தொலைந்த நாய் கடைசியாக நின்ற இடத்தில், அதற்கு மணம் பழகிய சட்டையொன்றை விட்டு வருவது அங்கே வழக்கம். நீ உன்னுடைய ஒரேயொரு குளிர்கோட்டைக் கழற்றிப் பனியில் விரித்தாய். சுவெட்டரோடு நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாய். விடிந்து போய்ப் பார்த்தபோது அந்தக் கோட்டின்மேல் பெட்டை சுருண்டு படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கிழவர் உன்னை வேலையால் நிற்பாட்டினார். எனக்குக் கடிதம் கிடைத்தது.

பிறகு நீ கலியாணம் கட்டி யூனியன்வில்லில் வீடும் வாங்கினாய். யாருக்காவது பிறந்தநாள் என்றால் போதும், நாய் எண்ணத் தெரியாமல் உனக்கு வேலை போன கதையை உன் மனைவி எடுத்துவிடுவாள். நீ சிரித்தபடி கறி பரிமாறுவாய். ஒருநாளாவது என் பக்கம் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டில் உன் மகள் அதே கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி என்னிடம் கேட்டாள்: "அப்பாக்குக் கவுண்ட் பண்ணவே வராது, என்ன அங்கிள்?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அந்த நாளில் வாயைத் திறக்காதே என்று நீ சொன்னாய். இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தரம் உன் வீட்டுப் போன் இலக்கத்தை அழுத்திவிட்டு, மணி அடிக்கமுன் வைத்துவிட்டேன். நாளைக்கு நேரே போய், எண்ணினது நான் என்று உன் மகளிடம் சொல்லப்போகிறேன். இந்த நாட்டிலிருந்து என்னை இனி ஒருவரும் திருப்பி அனுப்ப முடியாது. இருந்தும் பயமாக இருக்கிறது, மச்சான்.