‘கழட்டு’ என்றால் மட்டும்

இன்று காலை மந்தைவெளியில் கார் டிக்கியைத் திறந்ததும் உன் வாடை அடித்தது. டீசலும் உப்பும் ஊறிய நைலான் கயிறு. நீ போன பிறகு நம் பாய்மரப் படகை யாரும் எடுக்கவில்லை. கயிறுகளை மட்டும் நான் கழற்றி வந்து வைத்திருந்தேன். தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

போன வாரம் உன் மனைவி பானு போன் செய்தாள். ஒரு தடவை படகில் வரவேண்டுமாம். நீ இருந்தவரை படகுத்துறை ஜெட்டிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள்! சும்மா உட்கார்ந்து வரமாட்டாளாம், ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமாம். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நடுக்கடலில் எனக்குப் பயமில்லை, உனக்கே தெரியும். ஜெட்டியிலிருந்து படகை எடுப்பதும் திரும்பக் கொண்டுவந்து கட்டுவதும்தான் உயிரை வாங்கும். அதையெல்லாம் நீதான் பார்த்துக்கொண்டாய். இன்றைக்குச் சுக்கான் என் கையில். பானுவைக் கைகால் பத்திரமாகத் திருவல்லிக்கேணி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டுமே என்றிருந்தது.

உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ‘விடு மச்சி.’ என் பைக் திருடு போனபோதும் அதைத்தான் சொன்னாய். உன்னை அடிக்கலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? படகை ஜெட்டியோடு அணைத்துக் கட்டப் போனோம். காற்று நம்மை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நீ சுக்கானில், நம் முரளி பின்னால், நான் முன் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி என் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ‘விடு மச்சி’ என்றாய். நான் கயிற்றை விட்டுவிட்டேன். படகின் மூக்கு அப்படியே திரும்பிப் பக்கத்துப் படகை நோக்கிப் போனது. முரளி காலை நீட்டித் தடுக்கப் பார்க்க, நீ போட்ட கத்தலில் ஜெட்டியே திரும்பிப் பார்த்தது. படகு உரசி, பெயின்ட் போனதோடு சரி.

“இன்னா மச்சி, விடுன்னா கயித்தயா விடுவ?” என்றாய். சிரித்து முடிக்கவே உனக்கு நேரமானது. பிறகு முகம் மாறியது. “இனிமே கழட்டுன்னா மட்டும் கழட்டு. கழட்டறேன்னு திருப்பிச் சொல்லு. எவனும் காலை நடுவுல வுடாத, கயித்தக் கையில சுத்தாத. படகை ஒட்டிக்கலாம், விரலை ஒட்ட முடியாது.”

எங்கள் விரலுக்கும் காலுக்கும் அவ்வளவு காவல் இருந்தாயே, பாவி, உன் நெஞ்சை ஏன் பார்க்கவில்லை? மாரடைப்பு என்று முரளி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

இன்று முரளியைப் பின்னால் நிறுத்தி, பானுவை முன்னால் உட்காரவைத்தேன். ஜெட்டிக் கட்டையைச் சுற்றித் திரும்பி வந்த கயிற்றின் நுனி அவள் கையில். ‘கழட்டு’, ‘கழட்டறேன்’ எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஏன் அந்தச் சொல் என்று கேட்டாள். உன் கதையைச் சொன்னேன். முரளி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, முன் கயிறு கழட்டு என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். எட்டிப் பார்த்தால், கயிற்றை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. எஞ்சினை அணைத்தேன். பின் கயிற்றைப் பாதி கழற்றியிருந்த முரளியைத் திரும்பக் கட்டச் சொன்னேன். முன்னால் ஓடி அவள் கையிலிருந்து கயிற்றைப் பிரித்தேன். தோல் சிவந்து தடித்திருந்தது.

“அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னாருண்ணா,” என்றாள், என்னைப் பார்க்காமல். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். கேஸ் ட்ரபுள்தான், விடுன்னாரு. நானும் விட்டுட்டேன்.”

முரளி கயிற்றைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றான். அவள் கையைப் பிடித்தபடி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுதாள், எவ்வளவு நேரமோ. ‘விடும்மா’ என்று சொல்லித்தான் நம் ஊரில் யாரையும் தேற்றுகிறோம். எனக்கும் வேறு சொல் தெரியாது. அது தொண்டை வரைக்கும் வந்தது, நான் சொல்லவில்லை.

படகை எடுக்காமலே திரும்பினோம். பானுவை வீட்டில் இறக்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அந்தச் சொல் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, மச்சி.