பௌர்ணமி தாங்கும் சர்வர்

செப். 27, சனி

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பால் வாங்க மறந்தேன்.

இன்றைய வேலை: இணையதளத்துக்குப் புது ஹோஸ்டிங், அதாவது சர்வரில் வாடகை இடம், தேடுவது. போன பௌர்ணமியில் நம் தளம் விழுந்துவிட்டது. கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களின் படமும், அவர்கள் காத்திருக்கும் இடமும் போடும் தளம். தேவைப்படும் ஒரே ராத்திரியில் வெள்ளைத் திரை. 'அளவுக்கு மீறிய பயன்பாடு. கணக்கு நிறுத்தப்பட்டது.' மறுநாள்தான் திறந்துவிட்டார்கள். செய்யாற்றுப் பெரியவர் ஒருவர் அடி அண்ணாமலையில் மணி அண்ணன் டீக்கடையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மகன் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தான்.

'நம்' என்று எழுதியிருக்கிறேன். நர்மதாவும் நானும் எம்.ஏ. முடித்த கோடையில் ஆரம்பித்தது. அவள் புனே போய் ஒன்றரை வருடம். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்தது.

பழைய ஹோஸ்டிங் கணக்கு அவள் கைப்பேசி எண்ணில். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் ஓடிபி அவளுக்குப் போகும். அந்த ஆறு இலக்கத்தை எனக்கு அனுப்புவாள். எண் மட்டும். நான் நன்றிகூடப் போடுவதில்லை. எங்களுக்குள் மிச்சம் இது ஒன்றுதான்.

இடம் மாறினால் இதுவும் இல்லை.

செப். 29, திங்கள்

வெயில். துணி துவைத்தேன்.

தேவைகள்:
– மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் பெருங்கூட்டம். மற்ற நாளில் ஈ, காக்கை இல்லை.
– பாதையில் சிக்னல் கம்மி. பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். சர்வர் இந்தியாவுக்குள்.
– தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறக் கூடாது.
– விழுந்தால் போனை எடுக்க ஒரு மனிதர்.

திரும்பப் படித்தால் முதல் வரியின் பின்பாதி இந்த வாடகை அறையைப் பற்றி எழுதியது மாதிரி இருக்கிறது.

மாலை வீட்டுக்காரர். படியிலேயே நின்றார்.

"தம்பி, ஆறாந்தேதி பௌர்ணமி. ரூம ஒரு நாளைக்கு வுட்டுக் குடுங்க. பெங்களூர்லேர்ந்து ஒரு ஃபேமிலி வருது."

"நான் எங்கங்க போறது?"

"நீங்க ஒண்டிக்கட்டதானே. எங்க வேணாலும் இருந்துக்கலாம். ஃபேமிலின்னாதான் கஷ்டம்."

மறுக்கத் தோன்றவில்லை.

அக். 1, புதன்

மூன்று நிறுவனங்கள். பெயர் வேண்டாம்.

அ: 'வரம்பில்லாதது' என்று பெரிய எழுத்தில். வரம்பு, கீழே சின்ன எழுத்தில். பழையதற்குக் கூடப்பிறந்தது.

ஆ: சர்வர் சிங்கப்பூரில். உதவிக்கு ஆள் இல்லை, அரட்டைப் பெட்டி மட்டும். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது' என்றது. ஒரு கணம் நம்பினேன்.

இ: மும்பை. ஒரு நாளைக்கு மட்டும் திறனைக் கூட்டி மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். போனை எடுத்த பெண் தமிழ் பேசினாள்.

"தொலஞ்சவங்க எத்தன பேர்னு பாக்காதீங்க சார். தேடறவங்கதான் அதே பேஜத் திரும்பத் திரும்பத் தொறப்பாங்க. லோடு அதான்."

டீ ஆறிவிட்டது.

இ-தான். சந்தேகமில்லை. ஆனாலும் மத்தியானம் பழைய கணக்கில் நுழையப் போனேன், ஒரு வேலையும் இல்லாமல். எண் வந்தது. உள்ளிடவில்லை. இப்படிச் செய்வது முதல் தடவையும் இல்லை.

அக். 4, சனி

இடமாற்றம். கோப்புகள், படங்கள். பழையதில் நுழைய நர்மதாவிடமிருந்து எண். புதுக் கணக்கு என் எண்ணில். ஓடிபி என் மேஜைமேலேயே வந்து விழுந்தது. எனக்கு நானே வாசித்துக்கொண்டேன்.

சோதனைக்கு மணி அண்ணன் படத்தைத் தொலைந்தவர் பட்டியலில் போட்டேன். பௌர்ணமியன்று மைக் பிடிப்பதும் தளத்தில் படம் ஏற்றுவதும் அவர்தான். போனில் வந்தார்.

"இன்னா தம்பி, என்னையே காணாமப் போட்டுட்ட? வூட்ல பாத்தா விட்டுது சனின்னு தேங்கா ஒடப்பா."

பெயரில் கேள்விக்குறி இல்லை. பட்டியலிலிருந்து எடுத்தேன்.

அக். 6, திங்கள். பௌர்ணமி

சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடையில். மேகம். நிலா விட்டுவிட்டு.

இருட்டும்போதே கூட்டம். திறனைக் கூட்டியாயிற்று. பக்கம் திறக்கிறது. மறுபடி திறக்கிறது.

மணி அண்ணன், மைக்கில்: "பச்ச சேல, மஞ்சப் பை. பேரு கேட்டா சிரிக்கிறாங்க. இவங்களச் சேந்தவங்க அடி அண்ணாமல டீக்கடைக்கு வாங்க."

படத்தைப் பார்த்துவிட்டு மகள் வந்தாள். வரும்போதே திட்டு.

"எங்கம்மா போன? நிக்கச் சொன்னா நிக்க மாட்டியா?"

"நான் நின்ன எடத்துலதான் நின்னேன். நீதான் நடந்துட்ட."

மணி அண்ணன் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள யாரத் தொலச்சுது?" என்றாள். மணி அண்ணன் சிரித்தார். நானும்.

தளம் விழவில்லை.

அக். 8, புதன்

அறையில் இன்னும் கற்பூர வாசனை. யாரோ தலையணையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டேன்.

பழைய கணக்கை மூடவேண்டும். தொலைந்தவர்களின் படங்கள் அங்கே கிடக்கக் கூடாது. 'நீக்கு' அழுத்தினேன். ஓடிபி நர்மதாவுக்கு. எதற்கான எண் என்று செய்தியிலேயே இருக்கும். கணக்கை நீக்க.

எண் வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது. சட்டி கழுவினேன்.

பிறகு அவளிடமிருந்து, எண் இல்லை, எழுத்தில்:

"மூடறியா?"

"ஆமா. வேற எடம் மாத்திட்டேன். பௌர்ணமி தாங்குச்சு."

"பாத்தேன். பச்ச சேல அம்மா கெடச்சாங்களா?"

"கெடச்சாங்க."

"நம்பர் அனுப்பிட்டு ஒவ்வொரு வாட்டியும் சைட்டத் தொறந்து பாப்பேன். பாதி நாள் நீ ஒண்ணுமே மாத்தியிருக்க மாட்ட."

எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதையும். கடைசியில்:

"அந்த நம்பர் காலாவதி. மறுபடி கேக்கவா?"

கொஞ்ச நேரம் 'தட்டச்சு செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"கேளு."

அழுத்தினேன். உடனே வந்தது. ஆறு இலக்கம். எண் மட்டும்.

உள்ளிட்டேன். அப்படி ஒரு கணக்கு இனி இல்லை என்றது திரை.

'நன்றி' என்று அனுப்பினேன். படித்துவிட்டாள்.