உள் லைற்றைப் போட்டவர்

பெப்ரவரி 9, திங்கள்
மகள் லக்சிகாவின் பள்ளிக்கூடத்துக்கு இன்று முதல் ஒரு பொலிஸ். பெயர் மெகன். சிரித்த முகம். மாநில அரசு இந்தத் தவணைக்கு மட்டும் காசு தந்திருக்கிறது. தொடர வேண்டுமென்றால் பள்ளிச் சபை வாக்கெடுத்து எழுதிக் கேட்க வேண்டும். சபையில் நானும் ஒருத்தி. ரயில் நிலையத்தடியில் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்து அடிபட்ட பிறகு எனக்கு இது நிம்மதி. கட்டாயம் கை தூக்குவேன்.

பெப்ரவரி 10
என் மனுசனை என்ன செய்வது! வாசலில் மெகனைக் கண்டதும் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள் லைற்றைப் போட்டு, லைசன்சை நீட்டினாராம். காலை எட்டரை மணி, நல்ல வெயில்! சண்டைக் காலத்தில் வவுனியா செக்பொயின்ற்றில், இரவில் ஆமிக்கு முகம் தெரிய லைற் போட்டுப் பழகிய கை. பின்னால் பத்துக் கார் ஹோர்ன் அடித்ததாம்.
"அப்பா, ஷீ இஸ் ஜஸ்ட் த ஸ்கூல் பொலிஸ்!" என்று லக்சிகா கத்தினாளாம். வயிறு நோகச் சிரித்தேன். இவரும் சிரித்தார்.

பெப்ரவரி 13
இன்றும் லைற்.

பெப்ரவரி 19
ஆசிரியர் சந்திப்பு. போட்ட லைற்றை இவர் அணைக்க மறந்து பற்றறி செத்துவிட்டது. மெகன்தான் வயர் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். இவர் நாலு தரம் "தாங்க்யூ மேடம்" சொன்னார். திரும்பவும் லைசன்சை எடுத்து நீட்டினார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 2
இப்போது இவர் லக்சிகாவை இரண்டு தெரு தள்ளிப் பூங்காவடியில் இறக்கிவிடுகிறார். அடுத்த மாதம் அவள் முதல் தடவையாகப் பள்ளி மேடையில் பாடுகிறாள். "நீர் போய்ட்டு வாரும், எனக்கு வேலை" என்கிறார். வேலையாம்! அந்தப் பாட்டுக்கென்று ஜனவரியிலேயே லீவு எடுத்தவர். நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். மெகன் தங்கமான பிள்ளை. அப்ப நான் ஆரோட கோவிக்கிறது?

மார்ச் 12
வாக்கெடுப்பு. லைற் கதையைச் சொன்னேன். "திரும்ப அடிபிடி வந்தால்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. அடிபிடி நடந்தது ரயில் நிலையத்தில், பொலிஸ் அங்கே நிற்கட்டும், பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகருக்குக் காசு கேட்போம் என்றேன். ஆறுக்கு ஐந்து. வேண்டாம் என்ற நாங்கள் ஆறு.
வெளியே நின்ற மெகனிடமும் அதையே சொன்னேன். ஏன் லைற் போடுகிறார் என்று தான் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம் என்றாள். கட்டிப்பிடித்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி
பாட்டுக்கு இவரும் வந்தார்! புதுச் சேர்ட்டோடு. தவணை முடிந்துவிட்டது, வாசலில் பொலிஸ் இல்லை. கை லைற்றுக்குப் போய், பாதியில் தலையைச் சொறிந்தது.
லக்சிகா இரண்டாவது வரியை மறந்து, சிரித்து, திரும்பப் பாடினாள். இவர் பக்கத்துக் கதிரைக்காரியோடு ஒரே கதை. எனக்குத் தின்னவென்று வைத்திருந்த பற்றிஸையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்.
காரில் கேட்டார், "நல்ல பிள்ளை. ஆரப்பா அது?"
"மெகன். நான்தான் கூப்பிட்டனான். இண்டைக்கு யூனிபோர்ம் இல்லை."
அடுத்த சிக்னலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்,
"முதலே சொல்லியிருந்தா இன்னொரு பற்றிஸ் குடுத்திருப்பனே."