தலைகீழ்க் கணக்கு

என்னங்க,

உங்க சட்டையெல்லாம் மடிச்சு வாசல்ல வச்சிருக்கேன்.

எனக்கு ஒரு நரம்பு நோய்க்கான மரபணு இருக்குன்னு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல பார்த்த அன்னைக்கே தலையணையோட உங்க அம்மா வீட்டுக்குப் போனீங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் நோய் வர்ற வாய்ப்பைக் கணக்குப் போடுறவர் நீங்க! அந்த நரம்பு நோய் வந்தவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு, என்கிட்ட இருக்கிற மரபணு உண்டு. அதைத் தலைகீழாப் படிச்சு, எனக்கு நோய் வர்றது தொண்ணூறு சதவீதம்னு முடிவு கட்டிட்டீங்க. மரபணு உள்ள நூறு பேர்ல அஞ்சே பேருக்குத்தான் நோய் வரும்னு டாக்டர் இன்னைக்குக் காலையில உங்களுக்குப் புரிய வச்சார்.

உடனே போன் பண்ணி, "அஞ்சுதானா? அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்"னு சொன்னீங்களே, சீ! போனை வச்சதுமே உங்க சட்டையை மடிக்க ஆரம்பிச்சேன்.

நோய்னதும் ஓடுற மனுஷன்னு தெரிஞ்ச பிறகு, நான் கதவைத் திறக்கிற வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போடுங்க. இந்தத் தடவையாவது நேராப் போடுங்க.

இப்படிக்கு,
அந்த நூறு பேரில் ஒருத்தி